மத்தேயி விட்டுச்சென்ற குழாய்கள்

ஐரோப்பாவின் எரிவாயு நெருக்கடி பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் 2022 பிப்ரவரியில் இருந்தே கதையைத் தொடங்குகிறார்கள். உக்ரைன் மீது ரஷியா படையெடுத்தது. குழாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடைபட்டன. அவ்வாண்டு ஆகஸ்டில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி எரிவாயுவின் விலை 300 யூரோவைத் தாண்டியது. சில ஆண்டுகளுக்கு முன்புவரை அது 20 யூரோ அளவில்தான் இருந்தது. இவையெல்லாம் உண்மை. ஆனால், ஒரு கண்டம் தன் அடுப்புக்கும் ஆலைக்கும் அயலாரின் நிலத்தடியை நம்பி வாழும் நிலைக்கு ஒரே நாளில் வந்துவிடுவதில்லை. அந்தச் சார்பு எப்படி வளர்ந்தது என்பதை அறிய விரும்புவோருக்கு நான் பரிந்துரைப்பது ஒரு புள்ளிவிவர அட்டவணையை அன்று. ஒரு மனிதரின் வாழ்க்கையை. அவர் பெயர் என்ரிகோ மத்தேயி.

இத்தாலியில் அவர் பெயரை அறியாதவர் குறைவு. அல்ஜீரியாவில் இருந்து மத்தியதரைக் கடலின் அடியாக இத்தாலிக்கு வரும் பெரிய எரிவாயுக் குழாய் அவர் பெயரைத் தாங்கியிருக்கிறது. ஆப்பிரிக்க நாடுகளுடனான உறவுக்கென இத்தாலியப் பிரதமர் ஜார்ஜா மெலோனி 2024 ஜனவரியில் முன்வைத்த திட்டத்துக்கும் அவர் பெயர்தான் சூட்டப்பட்டது. இறந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓர் எண்ணெய் நிறுவன அதிகாரியின் பெயரை அரசுகள் கடன் வாங்குகின்றன என்றால், அந்த வாழ்க்கையில் நாம் கவனிக்க வேண்டியது ஏதோ இருக்கிறது என்றே பொருள்.

மத்திய இத்தாலியின் மார்க்கே பகுதியில் உள்ள அக்வலான்யா என்ற சிற்றூரில் 1906 ஏப்ரல் 29-இல் மத்தேயி பிறந்தார். தந்தை அந்தோனியோ காவல் படையில் பணியாற்றியவர். 1901-இல் முசோலினோ என்ற புகழ்பெற்ற கொள்ளையனைப் பிடித்ததில் அவருக்குப் பங்குண்டு. பெருமை இருந்ததே தவிர, வீட்டில் செல்வம் இல்லை. குடும்பம் பின்னர் மத்தேலிக்கா என்ற ஊருக்குக் குடிபெயர்ந்தது. மத்தேயிக்குப் படிப்பில் நாட்டமில்லை. இளம் வயதிலேயே கட்டில்களுக்கு வண்ணம் பூசும் வேலைக்குப் போனார். பிறகு ஒரு தோல் பதனிடும் ஆலையில் கடைநிலை ஊழியராகச் சேர்ந்து, இருபது வயதை ஒட்டி அதே ஆலையை நிர்வகிக்கும் நிலைக்கு உயர்ந்தார்.

பொருளாதார மந்தம் அந்த ஆலையை முடக்கியபோது அவர் மிலான் நகருக்குச் சென்றார். தோல் ஆலைகளுக்குத் தேவையான ரசாயனப் பொருள்களை விற்கும் முகவராகத் தொடங்கி, 1930-களின் நடுவில் சொந்தமாக ஒரு சிறு ரசாயனத் தொழிற்சாலையை நிறுவினார். அக்காலத்து இத்தாலியத் தொழில்முனைவோர் பலரையும் போல அவரும் பாசிசக் கட்சியின் உறுப்பினராக இருந்தார். அதை மறைத்து அவரை எழுதுவது நேர்மையாகாது. ஆனால், உலகப் போரின் போக்கு அவரை மாற்றியது. மத்தேலிக்காவைச் சேர்ந்தவரும் மிலான் கத்தோலிக்கப் பல்கலைக்கழகப் பேராசிரியருமான மர்ச்செல்லோ போல்திரினியின் நட்பு, கிறிஸ்தவ ஜனநாயகவாதிகளின் வட்டத்துக்குள் அவரைக் கொண்டுசேர்த்தது. 1943-க்குப் பின் நாஜி ஆக்கிரமிப்புக்கு எதிரான இயக்கத்தில் இறங்கி, அதன் ராணுவத் தலைமையில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் பிரதிநிதியானார். 1944-இன் இறுதியில் பிடிபட்டு, கோமோவில் காவலில் இருந்து தப்பினார். 1945 மே மாதம் மிலான் தெருக்களில் விடுதலைப் படைகள் நடத்திய அணிவகுப்பின் முன்வரிசையில் நடந்த தலைவர்களுள் அவரும் ஒருவர்.

போர் முடிந்த கையோடு அவருக்கு ஒரு பொறுப்பு தரப்பட்டது. முசோலினி அரசு 1926-இல் தொடங்கிய 'அஜிப்' என்ற எண்ணெய் நிறுவனத்தின் வட இத்தாலிப் பிரிவுக்கு ஆணையர் பதவி. பெயர்தான் ஆணையர், உண்மையில் அது இறுதிச் சடங்கு நடத்தும் வேலை. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேடியும் குறிப்பிடத்தக்க அளவு எண்ணெய் கண்டறியாத, பாசிச ஆட்சியின் கறை படிந்த நிறுவனம் அது. அதை மூடி, கருவிகளை விற்று, கணக்கை முடிக்க வேண்டும் என்பதே அரசின் விருப்பம். எண்ணெய்த் தொழிலில் எந்த முன்னனுபவமும் இல்லாத 39 வயது மனிதருக்கு அது எளிய வேலையாகவே இருந்திருக்க வேண்டும்.

அவர் அதைச் செய்யவில்லை. இந்த இடத்தில்தான் இத்தாலியின் எரிசக்தி வரலாறு திரும்பியது. அஜிப்பின் பழைய தொழில்நுட்பத் தலைவர் கார்லோ சன்மாத்தி, முந்தைய ஆட்சியோடு தொடர்பு கொண்டவர் என்பதால் ஒதுக்கப்பட்டிருந்தார். மத்தேயி அவரை அழைத்துப் பேசினார். மிலானுக்குத் தென்கிழக்கே லோடி அருகில் உள்ள கவியாகாவில், போரின் நடுவே 1944-இல் தோண்டிய கிணற்றில் மீத்தேன் வாயு கிடைத்திருந்தது. ஜெர்மானியர்களுக்குத் தெரியாமல் அந்தச் செய்தியைப் பொறியாளர்கள் அடக்கி வாசித்திருந்தார்கள். போ ஆற்றுச் சமவெளியின் அடியில் இன்னும் அதிகம் இருக்கலாம் என்பது அவர்கள் கணிப்பு. மத்தேயி கடன் வாங்கிக் கிணறுகளைத் தோண்டச் செய்தார். கவியாகா, அன்றைய மேற்கு ஐரோப்பாவின் பெரிய எரிவாயுப் படுகைகளுள் ஒன்று எனத் தெரியவந்தது.

அதன் முக்கியத்துவத்தை உணர, அன்றைய இத்தாலியின் நிலையை நினைத்துப் பார்க்க வேண்டும். பிரிட்டனுக்கும் ஜெர்மனிக்கும் நிலக்கரி இருந்தது, இத்தாலிக்கு இல்லை. அதன் ஆலைகள் கப்பலில் வந்த நிலக்கரியில் ஓடின. எண்ணெயோ ஆங்கிலேய, அமெரிக்கப் பெருநிறுவனங்களின் கையில் இருந்தது. எரிபொருளுக்காகக் கையேந்தும் நாடு என்ற எண்ணம் இத்தாலியர்களின் மனத்தில் ஆழமாகப் பதிந்திருந்தது. அப்படிப்பட்ட நாட்டில், மிலான் நகரத்து ஆலைகளுக்கு மிக அருகில், சொந்த மண்ணுக்கு அடியில் எரிவாயு கிடைத்தது.

1949-இல் கோர்ட்டேமஜோரே என்ற இடத்தில் எரிவாயுவோடு கொஞ்சம் எண்ணெயும் வெளிப்பட்டது. அளவு சிறிதுதான். ஆனால், மத்தேயி அதைப் பெரிய செய்தியாக்கத் தெரிந்தவர். இத்தாலியில் எண்ணெய் இருக்கிறது என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. அவ்வூரின் பெயரிலேயே பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. நெருப்பைக் கக்கும் ஆறுகால் நாயின் படம் அதன் சின்னமாயிற்று; பின்னர் நிறுவனத்தின் சின்னமாகவும் நிலைத்தது. எண்ணெய் மக்களின் பெருமிதத்துக்குப் பயன்பட்டது; வருவாய் ஈட்டித் தந்தது எரிவாயுவே.

கிணற்றில் இருந்து வாயுவை ஆலைக்குக் கொண்டுசேர்க்கக் குழாய் வேண்டும். குழாய் பதிக்க ஒவ்வோர் ஊராட்சியின் அனுமதியும் வேண்டும். மத்தேயி அனுமதிக்காகக் காத்திருக்கவில்லை. இரவோடு இரவாகத் தெருக்கள் தோண்டப்பட்டன, விடிவதற்குள் குழாய் மண்ணுக்குள் போய்விடும், பிறகுதான் பேச்சுவார்த்தை. இப்படித் தாம் மீறிய உள்ளூர் விதிகள் எட்டாயிரம் இருக்கும் என்று அவரே பிற்காலத்தில் பெருமையாகக் கணக்குச் சொல்லியதுண்டு. 1960 வாக்கில் வட இத்தாலியில் குழாய்வழிகளின் நீளம் 4,000 கிலோமீட்டரைக் கடந்தது. ஆண்டு உற்பத்தி 600 கோடி கன மீட்டரைத் தாண்டியது. அன்றைய மேற்கு ஐரோப்பாவில் எரிவாயுவை இவ்வளவு பயன்படுத்திய நாடு வேறில்லை. போருக்குப் பிந்தைய இத்தாலியின் பொருளாதார எழுச்சிக்குக் கிடைத்த எரிபொருள்களுள் இது முதன்மையானது.

இதற்கெல்லாம் சட்ட உருவம் கிடைத்தது 1953-இல். பிரதமர் டி காஸ்பெரியும் நிதியமைச்சர் வனோனியும் துணை நிற்க, 'எனி' என்ற தேசிய எரிசக்தி நிறுவனம் அமைக்கப்பட்டது. போ சமவெளியில் எண்ணெய், எரிவாயு தேடும் தனியுரிமை அதற்கு வழங்கப்பட்டது. 1948-இல் நாடாளுமன்ற உறுப்பினராகியிருந்த மத்தேயி அந்தப் பதவியைத் துறந்து நிறுவனத்தின் தலைமையை ஏற்றார். எரிவாயுவின் விலையை உற்பத்திச் செலவை ஒட்டி வைக்காமல், போட்டி எரிபொருள்களின் விலையை ஒட்டி வைத்தார். அதனால் கிடைத்த பெரும் லாபமே எனியின் விரிவாக்கத்துக்கு முதலாயிற்று. ஃபுளோரன்ஸ் நகர மேயர் ஜோர்ஜோ லா பீராவின் வேண்டுகோளுக்கு இணங்கி, மூடப்படவிருந்த பின்யோனே இயந்திர ஆலையை ஏற்று, அதை எரிவாயு அழுத்திகள் செய்யும் ஆலையாக மாற்றினார். ராவென்னாவில் மீத்தேனை மூலப்பொருளாகக் கொண்டு உரமும் செயற்கை ரப்பரும் தயாரிக்கும் ஆலை எழுந்தது. தனியார் நிறுவனங்களின் பிடியில் இருந்த உர விலை அதனால் இறங்கியது.

ஆனால், சமவெளியின் எரிவாயு மட்டும் ஒரு வளரும் நாட்டுக்குப் போதாது என்பது அவருக்குத் தெரியும். வெளிநாட்டு எண்ணெய் வேண்டும்; அதுவும் இடைத்தரகர் இல்லாமல் வேண்டும். உலக எண்ணெயைக் கையில் வைத்திருந்த ஏழு பெருநிறுவனங்களை 'ஏழு சகோதரிகள்' என்று கேலியாகக் குறிப்பிட்டு, அந்தப் பெயரை உலகெங்கும் நிலைபெறச் செய்தவர் அவரே. ஈரானில் மொசாதேக் ஆட்சி கவிழ்க்கப்பட்ட பின், 1954-இல் அந்நாட்டு எண்ணெய்க்கென ஒரு கூட்டமைப்பு உருவாயிற்று. ஈரானிய எண்ணெயைப் புறக்கணிக்க வேண்டும் என்று பெருநிறுவனங்கள் விதித்த கட்டுப்பாட்டை மத்தேயி மதித்து நடந்தவர். அந்த நன்றிக்காவது தமக்கு ஒரு சிறு பங்கு கிடைக்கும் என எதிர்பார்த்தார். கிடைக்கவில்லை. பெரிய நாய்களின் உணவுத் தட்டை நெருங்கியதற்காகக் கடித்துக் குதறப்பட்ட பூனைக்குட்டியின் கதையை அவர் மேடைகளில் சொல்லிவந்தார். அந்தப் பூனைக்குட்டி இத்தாலி என்று விளக்க வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

மூன்றாண்டுகள் கழித்து அவர் நேரடியாக ஈரானுக்கே போனார். அதுவரை எண்ணெய் வள நாடுகளுக்கும் நிறுவனங்களுக்கும் இடையே லாபம் பாதிக்குப் பாதி என்பதே நடைமுறை. 1957-இல் ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்தோடு மத்தேயி செய்த ஒப்பந்தத்தில், பாதி வரியாக ஈரான் அரசுக்குப் போகும். எஞ்சிய பாதியை இரு நிறுவனங்களும் சரிசமமாகப் பிரித்துக்கொள்ளும். ஆக, ஈரானுக்கு 75 விழுக்காடு. அந்தக் கூட்டு நிறுவனத்தில் பெரிய அளவில் எண்ணெய் கிடைத்துவிடவில்லை. ஆனால், வளத்துக்குரிய நாட்டைக் கூலிக்காரராக அல்லாமல் கூட்டாளியாக அமர்த்தலாம் என்ற எண்ணம் எண்ணெய் உலகில் ஓர் உடைப்பை ஏற்படுத்தியது. எகிப்திலும் மொராக்கோவிலும் அவர் இதே வழியில் காலூன்றினார். அல்ஜீரிய விடுதலைப் போராட்டத்தின்போது, பிரான்சின் தயவில் சகாரா பாலைவனத்தில் பங்கு பெற மறுத்து, விடுதலை பெறும் அல்ஜீரியாவோடு பேசிக்கொள்வதாக இருந்துவிட்டார். அல்ஜீரியாவைப் பிரான்சோடு வைத்திருக்க விரும்பிய தீவிரவாத அமைப்பு அவருக்குக் கொலை மிரட்டல் விடுத்தது.

மற்றொரு திசையிலும் அவர் கதவைத் திறந்தார். 1960-இல் சோவியத் ஒன்றியத்தோடு பெரிய ஒப்பந்தம் ஒன்றைச் செய்தார். சந்தை விலையைவிடக் கணிசமாகக் குறைந்த விலையில் சோவியத் கச்சா எண்ணெய் வரும். பதிலுக்கு எஃகுக் குழாய்களும் செயற்கை ரப்பரும் போகும். பனிப்போர் உச்சத்தில் இருந்த காலம். நேட்டோ தலைநகரங்களில் கவலை எழுந்தது. எதிரி நாட்டின் எரிபொருளுக்குக் கூட்டணி நாடு ஒன்று பழகிக்கொள்வது ஆபத்து என்று வாஷிங்டன் கருதியது. பெருநிறுவனங்களின் ஏகபோகத்துக்குப் பணிவதுதான் ஆபத்து என்று மத்தேயி கருதினார். அன்று எழுந்த அந்த வாதம் இன்றுவரை முடியவில்லை.

உள்நாட்டிலும் அவரைச் சுற்றிச் சர்ச்சைகள் சூழ்ந்திருந்தன. இடதுசாரி முதல் வலதுசாரி வரை கட்சிகளுக்கு அவர் பணம் கொடுத்தார்; வாடகைக் காருக்குக் கட்டணம் கொடுத்துவிட்டு இறங்கிக்கொள்வது போலத்தான் கட்சிகளைப் பயன்படுத்தினார். 1956-இல் தொடங்கப்பட்ட 'இல் ஜோர்னோ' நாளேடு அவருடைய குரலாக இருந்தது. எனி அரசின் நிறுவனமா, அரசே எனியின் நிறுவனமா என்று எதிரிகள் கேட்டார்கள். 1962 கோடையில் புகழ்பெற்ற பத்திரிகையாளர் இந்த்ரோ மொந்தனெல்லி அவருடைய நடைமுறைகளைக் கடுமையாக ஆராய்ந்து கட்டுரைத் தொடர் எழுதினார். என் பார்வையில் அந்தக் கேள்விகள் இன்றும் நியாயமானவை. நல்ல நோக்கத்துக்காகவே விதிகளை மீறுகிறேன் என்று சொல்லும் அதிகாரம், யாருக்கும் கணக்குக் காட்டாத அதிகாரமாக மாற நெடுநாள் ஆவதில்லை.

1962 அக்டோபர் 27. சிசிலியில் கலியானோ என்ற ஊரில் எரிவாயு கண்டறியப்பட்டிருந்தது. அங்கே மக்களிடையே பேசிவிட்டு, கத்தானியாவில் இருந்து தம் சிறு ஜெட் விமானத்தில் மிலானுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார் மத்தேயி. மழை பெய்த அந்த மாலையில், தரையிறங்கச் சில நிமிடங்களே இருந்த நிலையில், பஸ்கப்பே என்ற கிராமத்து வயல்களில் விமானம் விழுந்து நொறுங்கியது. அவரும், விமானி பெர்த்துசியும், உடன் வந்த அமெரிக்கப் பத்திரிகையாளர் மெக்ஹேலும் உயிரிழந்தனர். மத்தேயிக்கு வயது 56. விபத்து என்று முதல் விசாரணை முடித்தது. 1970-இல், அவருடைய கடைசி நாள்கள் பற்றி இயக்குநர் பிரான்செஸ்கோ ரோசியின் திரைப்படத்துக்காகத் தகவல் திரட்டிக்கொண்டிருந்த பலெர்மோ பத்திரிகையாளர் மௌரோ தி மௌரோ கடத்தப்பட்டார். பிறகு அவரை எவரும் காணவில்லை. 1990-களில் பவியா நகர அரசு வழக்குரைஞர் வழக்கை மீண்டும் திறந்தார். எஞ்சியிருந்த உலோகத் துண்டுகளையும் எலும்புகளையும் ஆராய்ந்த நிபுணர்களின் துணையோடு, விமானத்துக்குள் வைக்கப்பட்ட சிறு வெடிபொருளே காரணம் என்ற முடிவுக்கு அவர் வந்தார். வைத்தவர் யார், வைக்கச் சொன்னவர் யார் என்பது நிறுவப்படாமலே 2003-இல் வழக்கு முடித்துவைக்கப்பட்டது. இவர்தான் செய்தார் என்று விரல் நீட்டுவோர் பலர் உண்டு. நிறுவப்படாததை நிறுவப்பட்டதுபோல் எழுத நான் விரும்பவில்லை.

அவர் இறந்த பின் நடந்தவைதான் இன்றைய ஐரோப்பாவுக்கு நேரடியான பாடம். போ சமவெளியின் எரிவாயு இத்தாலியின் ஆலைகளையும் வீடுகளையும் இந்த எரிபொருளுக்குப் பழக்கிவிட்டது. அடுப்பும் கொதிகலனும் உலையும் அதற்கேற்ப மாறிவிட்டன. தேவை வளர்ந்தது; கிணறுகள் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. குழாய்கள் இருந்தன, அவற்றில் ஓட வாயு வேண்டும். எனவே அவருடைய வாரிசுகள் வெளியே பார்த்தார்கள். 1969 டிசம்பரில் சோவியத் ஒன்றியத்தோடு ஆண்டுக்குச் சுமார் 600 கோடி கன மீட்டர் எரிவாயுவுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1974-இல் அது ஆஸ்திரியா வழியாக இத்தாலிக்குள் பாயத் தொடங்கியது. அதே காலத்தில் நெதர்லாந்தில் இருந்தும் வாயு வந்தது. 1983-இல் அல்ஜீரியாவின் ஹஸ்ஸி ஆர்மேல் படுகையில் இருந்து துனிசியா வழியாக, 600 மீட்டருக்கும் ஆழமான கடலடியில் பதித்த குழாய் இயங்கத் தொடங்கியது.

இத்தாலியின் சொந்த உற்பத்தி 1990-களின் நடுவில் ஆண்டுக்கு 2,000 கோடி கன மீட்டர் என்ற உச்சத்தைத் தொட்டுப் பிறகு சரிந்தது. 2021-இல் அது 350 கோடிக்கும் கீழே இறங்கியிருந்தது; நாட்டின் தேவையோ 7,500 கோடியை ஒட்டி இருந்தது. இறக்குமதியில் ஏறத்தாழ 40 விழுக்காடு ரஷியாவுடையது. கண்டம் முழுவதும் இதே கதைதான். நெதர்லாந்தின் குரோனிங்கன் படுகை 1959-இல் கண்டறியப்பட்டபோது, 2.8 லட்சம் கோடி கன மீட்டர் அளவில் வாயு இருந்த பெருங்களஞ்சியம். அதை நம்பி வடமேற்கு ஐரோப்பா எரிவாயுவுக்கு மாறியது. எடுக்க எடுக்க நிலம் அதிர்ந்தது. வீடுகள் விரிசல் கண்டன. 2023 அக்டோபரில் உற்பத்தி நிறுத்தப்பட்டது. வட கடலில் பிரிட்டனின் உற்பத்தியும் இறங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் இன்று தான் பயன்படுத்தும் எரிவாயுவில் பத்தில் ஒன்பது பங்கை வெளியில் இருந்தே வாங்குகிறது. 2021-இல் அந்த இறக்குமதியில் ரஷியாவின் பங்கு சுமார் 45 விழுக்காடு.

ரஷியாவை நம்பிய பழிக்கு மத்தேயியைக் காரணமாக்குவோர் உண்டு. அது சரியான வாசிப்பு என்று எனக்குத் தோன்றவில்லை. அவர் வாங்கியது எண்ணெய், எரிவாயு அன்று. கப்பலில் வரும் எண்ணெய் நின்றால் வேறு துறைமுகத்தில் இருந்து வாங்கலாம். குழாயில் வரும் வாயு நின்றால் மறுமுனையில் காத்திருப்பதைத் தவிர வழியில்லை. மேலும், ஒருவரை மட்டும் நம்பி இருக்கக் கூடாது என்பதற்காகவே அவர் மாஸ்கோவின் கதவைத் தட்டினார். அவருக்குப் பின் வந்தவர்களோ, மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காக அந்த ஒரு கதவின் முன்னாலேயே நிற்கத் தொடங்கினார்கள். 2006 ஜனவரியிலும் 2009 ஜனவரியிலும் உக்ரைன் வழியான வரத்து தடைபட்டு எச்சரிக்கை கிடைத்தது. இருந்தும், 2006 நவம்பரில் ரஷியாவின் காஸ்ப்ரோம் நிறுவனத்தோடு எனி தன் ஒப்பந்தங்களை 2035 வரை நீட்டித்தது. ஜெர்மனி பால்டிக் கடலடியில் இரண்டு இரட்டைக் குழாய்களை அனுமதித்தது. பல வழிகள் வேண்டும் என்ற கொள்கை, ஒரே வழியை அகலப்படுத்தும் பழக்கமாக மாறிய இடம் இது.

ஆயினும், அவருடைய பழைய உறவுகள்தான் 2022-இல் இத்தாலியைத் தாங்கின. போர் தொடங்கிய இரண்டு மாதங்களுக்குள் அன்றைய பிரதமர் மரியோ திராகி அல்ஜீயர்ஸுக்குப் பறந்தார். ஆண்டுக்கு 900 கோடி கன மீட்டர் வரை கூடுதலாகத் தர அல்ஜீரியா இசைந்தது. விடுதலைப் போரின்போது தங்கள் பக்கம் நின்றவர் என்று அந்நாடு மத்தேயியை நினைவில் வைத்திருந்தது. 2023-இல் இத்தாலிக்கு அதிக எரிவாயு தந்த நாடு அல்ஜீரியாவே. பியோம்பினோவிலும், அவர் உர ஆலை கண்ட ராவென்னாவிலும் திரவ எரிவாயுவைப் பெறும் மிதவை முனையங்கள் நிறுத்தப்பட்டன. ஐரோப்பாவுக்கு இன்று குழாய் வழியே அதிகம் தருவது நார்வே. கப்பல் வழியே அதிகம் தருவது அமெரிக்கா. உக்ரைன் வழியான ரஷிய வாயு 2025 ஜனவரி முதல் நாளோடு நின்றுபோனது. ரஷிய எரிவாயுவை 2027-க்குள் முற்றாக நிறுத்த ஒன்றியம் முடிவெடுத்திருக்கிறது.

ஆக, சார்பு நீங்கவில்லை. அது இடம் மாறியிருக்கிறது. அமெரிக்காவின் பிடியில் இருந்து விலக ஒரு காலத்தில் கிழக்கே திரும்பியவர்கள், கிழக்கின் பிடியில் இருந்து விலக இப்போது மேற்கே திரும்பியிருக்கிறார்கள். திரவ எரிவாயுக் கப்பல் அதிக விலை தருபவரின் துறைமுகத்துக்குத் திரும்பிவிடும் இயல்புடையது. அந்த விலையை நிர்ணயிப்பதில் ஜப்பானும் சீனாவும் கொரியாவும் உண்டு. ஏழை நாடுகள் அந்த ஏலத்தில் தோற்பதை 2022-இல் பாகிஸ்தானும் வங்கதேசமும் அனுபவித்தன.

இந்த வாழ்க்கையில் இருந்து நான் எடுத்துக்கொள்வது மூன்று. முதலாவது, வாங்குபவர் பல வாசல்களை எப்போதும் திறந்து வைத்திருக்க வேண்டும். விலை மலிவாக இருக்கும் காலத்தில்தான் அதற்கு அதிகக் கவனம் வேண்டும். இரண்டாவது, விற்பவரை மதித்துச் செய்த ஒப்பந்தம், அவரை நெருக்கிச் செய்த ஒப்பந்தத்தைவிட நீண்ட நாள் நிற்கும். இவ்விரண்டையும் மத்தேயி அறிந்திருந்தார். மூன்றாவதை அவர் காலம் கேட்கவில்லை. நம் காலம் கேட்கிறது. ஒரு நாடு எவ்வளவு எரிபொருளைக் கண்டறிகிறது என்பதைவிட, எவ்வளவு இல்லாமல் வாழப் பழகுகிறது என்பதே அதன் விடுதலையின் அளவு. 2021-க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியத்தின் எரிவாயு நுகர்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. அதில் ஆலைகள் மூடியதால் வந்த இழப்பும் உண்டு. வீடுகளைக் காப்பிட்டதாலும் காற்று, சூரிய மின்சாரத்தாலும் வந்த ஆதாயமும் உண்டு. இரண்டாவது வகைக் குறைப்பு மட்டுமே யாரிடமும் கையேந்தாத வழி.

கோர்ட்டேமஜோரேயின் கிணறுகள் வெகுநாள்களுக்கு முன்பே தளர்ந்துவிட்டன. ஆனால், அந்த இடம் கைவிடப்படவில்லை. 1964 முதல் அதன் நிலத்தடிப் பாறைகளுக்குள் எரிவாயு திரும்பச் செலுத்தப்பட்டுச் சேமிக்கப்படுகிறது. கோடையில் நிரப்பிக் குளிர்காலத்தில் எடுப்பார்கள். 2022-க்குப் பின், குளிர்காலத்துக்கு முன் இத்தகைய கிடங்குகள் 90 விழுக்காடு நிரம்பியிருக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி செய்தது. இத்தாலியின் விடுதலைக்குச் சான்றாக மத்தேயி உலகுக்குக் காட்டிய அதே மண்ணின் அடியில், இன்று அல்ஜீரியாவில் இருந்தும் அஜர்பைஜானில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் வந்த வாயு குளிர்காலத்துக்காகக் காத்திருக்கிறது.